ஆட்டுக்கல் இறக்கம்

ஜூன் 9, திங்கள்

பதினோரு மணிக்குத் தாரணி போன் செய்தாள். பூபதியின் தங்கை. பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே வந்து பேசினேன்.

"லோகண்ணா, இந்த மழைக்குக் கரிம்பாறைப்புழை போகோணுங்ணா. கூட்டிட்டுப் போவீங்களா?"

நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. போன ஆகஸ்டில் பூபதி செத்துப்போன ஆற்றுக்கு அழைத்துப் போகச் சொல்கிறாள். அதன்பிறகு அவள் கயாக் படகைத் தொடவே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே பூபதிதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பம்பு மூடிகள் அறுபது இன்று முடிந்திருக்க வேண்டியது. நாற்பத்தெட்டோடு நின்றுவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டில் பிரேமாவிடம் சொன்னேன். "வேண்டாமுங்க" என்றாள். துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

ஜூன் 14, சனி

தாரணி மறுபடி கூப்பிட்டாள். நான் வராவிட்டால் பெங்களூர் ஆட்கள் சிலரோடு போய்விடுவாளாம். இணையத்தில் பழக்கமானவர்கள். அந்த ஆற்றை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். தெரியாத ஆட்களோடு அவளை அங்கே விட முடியாது. இதுதான் காரணம்.

ஜூன் 17, செவ்வாய்

வர்க்கிச்சனுடன் பேசினேன். கேரளத்தில் அந்த ஆற்றங்கரையில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். நாங்கள் எப்போது போனாலும் அவர் வீட்டில்தான் தங்குவோம். அங்கே பாலத்துத் தூணில் அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். தண்ணீர் இரண்டாம் கோட்டில் இருந்தால் படகு கல்லில் இடிக்கும். மூன்றாம் கோடு நல்ல அளவு. நான்கைத் தாண்டினால் இறங்கக்கூடாது.

"லோகா, நிங்க வராம இருந்திருவீங்கன்னு நெனச்சு" என்றார். பிறகு, "வாங்க. வெள்ளம் ஞான் பாத்துச் சொல்லாம்." தண்ணீர் அளவைச் சொல்கிறார்.

ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு என்று முடிவு செய்தோம். ஒன்பது கிலோமீட்டர். முதல் ஐந்து எளிது. ஆறாவதில் ஆட்டுக்கல் வரும். பெரிய ஆட்டுக்கல்லைப் போலப் பாறை குடைந்திருக்கும் இடம். ஆறு அங்கே மூன்று படியாக இறங்குகிறது. படி ஒவ்வொன்றும் ஆளுயரம் இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கல்குவாரித் தண்ணீரில் பயிற்சி. தாரணி சரியாக ஆறு மணிக்கு வந்தாள். பூபதியின் படகைக் கொண்டுவந்திருந்தாள். பச்சை. மூக்கில் ஒரு விரிசல் இருந்தது.

கவிழ்ந்த படகை உள்ளே உட்கார்ந்தபடியே இடுப்பை வெட்டி நிமிர்த்த வேண்டும். முதல் நான்கு தடவை அவளால் முடியவில்லை, படகை விட்டு நீந்தி வந்தாள். ஐந்தாவது தடவை எழுந்தாள். அப்புறம் பதினொரு தடவை தொடர்ந்து எழுந்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மூக்கில் தண்ணீர் ஏறிக் கண் சிவந்திருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

எனக்கு வலது முட்டி வீங்கிவிட்டது. பிரேமா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

முஸ்தபாவின் டயர் கடைக்குப் போனேன். பச்சைப் படகின் விரிசலைச் சூடுகாட்டி ஒட்டிக் கொடுத்தான். போன வருடம் ஆற்றில் இருந்த மூன்றாவது ஆள் அவன். இந்தத் தடவையும் வருகிறான்.

ஒட்டிய இடத்தை அரம் போட்டுக்கொண்டே, "ஆட்டுக்கல்ல யாரு முன்னால போறது?" என்று கேட்டான்.

"நான்தான். வேற யாரு?"

வழவழப்பான பிறகும் அதே இடத்தை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பயிற்சி முடிந்ததும் தாரணி வரைபடம் போடச் சொன்னாள். குவாரிக் கரையில் உட்கார்ந்து அவள் நோட்டில் ஆட்டுக்கல்லை வரைந்தேன். மூன்று படிகள். இரண்டாவது படிக்கு அப்புறம் இடது ஓரத்தில் ஒரு தேக்கம், அங்கே நீர் அமைதியாக நிற்கும், படகை ஒதுக்கலாம். பக்கத்திலேயே ஒரு சப்பைப் பாறை.

"நீங்க எங்க நின்னீங்க?"

சப்பைப் பாறையைக் காட்டினேன்.

"அண்ணன்?"

"ரெண்டு படிக்கும் மேல. முஸ்தபாவுக்கு முன்னால."

"இந்தப் பாறைல இருந்து மூணாவது படிக்குக் கீழ தெரியுங்களா?"

"தெரியும்" என்றேன்.

படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வரும் வழியில் ஹெல்மெட் வார் இரண்டு வாங்கினேன். ஆற்றில் விழுந்தவரை இழுக்க வீசும் கயிற்றுப் பையில் கயிறு ஓரிடத்தில் நைந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

அந்தப் பாறையிலிருந்து கீழே தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சைகைப் பயிற்சி. ஆற்று இரைச்சலில் குரல் கேட்காது. முன்னால் போகிறவன் இறங்கிப் பார்த்து, துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் வா என்று அர்த்தம். தலைக்கு மேலே படுக்கையாகப் பிடித்தால் நில், வராதே. இவ்வளவுதான்.

பத்து தடவை செய்து பார்த்தோம். நான் கரையில் நின்றேன், அவள் தண்ணீரில். ஒவ்வொரு தடவையும் துடுப்பு மேலே போகும்வரை அசையாமல் இருந்தாள்.

கரைக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "அண்ணன் மாதிரி அவசரப்பட மாட்டேங்ணா. நீங்க துடுப்பத் தூக்காம நான் ஒரு அடி நகர மாட்டேன். அதுக்குத்தான் உங்ககூட வர்றேன்."

முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

இதை எழுதிவிடுகிறேன்.

போன ஆகஸ்ட் 18. தண்ணீர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருந்தது. நான் முதல் இரண்டு படியும் இறங்கித் தேக்கத்தில் படகை ஒதுக்கினேன். சப்பைப் பாறையில் ஏறி நின்றேன். மூன்றாவது படிக்குக் கீழே பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பாறை ஓரமாக ஐம்பது அறுபது அடி இறங்கிப் போக வேண்டும். பாசி. வழுக்கும். முட்டி வலித்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இறங்கிப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் கீழே சுத்தமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினேன்.

பூபதி வந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது சிரித்தான். மூன்றாவது படியில் இறங்கினான். கீழே ஒரு மரம் விழுந்து கிடந்தது. தண்ணீர் கிளைகளுக்குள்ளே புகுந்து போய்விடும். ஆள் போக முடியாது. நானும் முஸ்தபாவும் கயிற்றோடு போய்ச் சேர்ந்தபோது ஹெல்மெட்டின் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது.

போலீஸிடம், நான் சைகை காட்டுவதற்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டான் என்று சொன்னேன். முஸ்தபாவும் அதில் கையெழுத்துப் போட்டான். அன்னூரில் அவன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். இந்த நோட்டில் போன வருடப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூட.

ஜூலை 17, வியாழன்

இன்று ஒரே நாளில் மூடிகள் அறுபதும் முடிந்தன.

ஜூலை 19, சனி

தாரணியை அவள் ஆபீசுக்குப் பக்கத்துப் பேக்கரிக்கு வரச் சொன்னேன். மத்தியானம் மூன்று மணி, கூட்டமில்லை. இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். பயணத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து, சாமான் பட்டியலோடு வந்திருந்தாள். முதலுதவிப் பெட்டியில் என்னென்ன வேண்டும் என்று கேட்டாள்.

"தாரணி, உங்கண்ணன் அவசரப்படல. நான் துடுப்பத் தூக்கினேன். அப்பறந்தான் வந்தான்."

பன்னைப் பிய்க்கப் போன கை நின்றது.

"கீழ பாத்துட்டுத் தூக்குனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"முட்டி வலிச்சுது. எப்பவும் சுத்தமா இருக்கற எடம். இப்பவும் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

இதைச் சொல்லும்போது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது.

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடை படிந்துவிட்டது. "அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"பயந்துட்டேன்."

"எதுக்கு? அம்மா உங்கள அடிச்சிருமா?"

என்னோடு வர வேண்டாம், தெரிந்த வேறு ஆட்களை ஏற்பாடு செய்து தருகிறேன் என்றேன். அவள் பட்டியலை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். வண்டியை ஸ்டார்ட் செய்ய மூன்று தடவை உதைத்தாள். போய் உதவலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

குவாரிக்குப் போனேன். அவள் வரவில்லை. எட்டு மணிவரை இருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

முஸ்தபா பட்டறைக்கு வந்தான். தாரணி அவனிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"அவகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். நீ பாறையில ஏறி நின்னதப் பாத்தேன், கீழ எறங்காததையும் பாத்தேன்னு."

"பாத்தியா?"

"மேல இருந்தா தெரியாதா லோகு?"

"அப்பறம் ஏன் கையெழுத்துப் போட்ட?"

ஒரு வார்ப்படத் துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "பூபதி எனக்கு முன்னால மெதந்துட்டு இருந்தான். லோகு எறங்கிப் பாக்கல, இருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ பெரிய ஆளு, உனக்குத் தெரியும்னு விட்டுட்டேன். உன்னச் சொன்னா என்னையும் சொல்லணுமில்ல."

ஒரு வருடமாக வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறோம், இதை இன்றைக்குத்தான் பேசினோம்.

ஜூலை 24, வியாழன்

பிரேமாவிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் ஒரு வருஷமா நீங்க தூங்காம கெடந்தீங்களா" என்றாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

ஜூலை 28, திங்கள்

தாரணி கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"ஆத்துக்குப் போறோம். நீங்களும் வர்றீங்க. ஆனா ஆட்டுக்கல்ல நான்தான் முன்னால. நான் எறங்கிப் பாப்பேன். நான் துடுப்பத் தூக்குனா நீங்க வரோணும். இல்லீனா நிக்கோணும்."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"இல்லம்மா."

வைத்துவிட்டாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கயிறு மாற்றியாயிற்று. வர்க்கிச்சன் சொன்ன அளவு இரண்டரை. வயநாட்டுப் பக்கம் மழை பிடித்திருக்கிறதாம்.

அவள் வேண்டுமென்றே தவறாகக் கைகாட்டினால் என்ற நினைப்பு வந்தது. வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் பாறைக்கு மேலே உட்கார்ந்து அடுத்தவர் கையை நம்பிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்தில் நான் நினைத்ததே இல்லை. எப்போதும் நான்தான் முன்னால் போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

முஸ்தபாவின் பொலிரோவில் கிளம்பினோம். மேலே மூன்று படகு. பாலக்காடு தாண்டியதும் மழை. பிரேமா கட்டிக்கொடுத்த புளிசாதத்தை வண்டியிலேயே சாப்பிட்டோம். தாரணி பின்சீட்டில், வழி நெடுகப் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் முஸ்தபாவிடம் சன்னலை ஏற்றச் சொன்னாள்.

நான்கு மணிக்கு வர்க்கிச்சன் வீடு. பாலத்துக்குப் போய்ப் பார்த்தோம். மூன்றாம் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே. பால் விடாத கட்டன்சாயாவும் கப்பைக்கிழங்கும் கொடுத்தார். தாரணியிடம், "மோளே, பேடி உண்டா?" என்று கேட்டார். பயமா என்கிறார்.

"இருக்குங்க" என்றாள்.

"நல்லது. பேடி வேணம்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏழரைக்கு இறங்கினோம். தண்ணீர் காப்பி நிறம். முதல் ஐந்து கிலோமீட்டரும் முஸ்தபா முன்னால், தாரணி நடுவில், நான் கடைசி. அவள் நன்றாக ஓட்டுகிறாள், பூபதியைவிட நிதானம். ஒரு சுழலில் கவிழ்ந்தாள். நான் துடுப்பைப் போட்டு விரைவதற்குள் எழுந்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆட்டுக்கல்லின் சத்தம் வளைவுக்கு முன்னாலேயே கேட்டது. மேலே தேங்கிய நீரில் மூன்று பேரும் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வர்க்கிச்சன் எதிர்க்கரையில் கயிற்றுப் பையோடு தயாராக இருந்தார். தாரணி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள். "நான் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் படி. இரண்டாவது படி. பச்சைப் படகு ஒரு தடவை முழுதாக நுரைக்குள் போய் வெளியே வந்தது. இடது தேக்கத்தில் ஒதுங்கினாள். படகை இழுத்துப் போட்டாள், சப்பைப் பாறையில் ஏறினாள்.

போன வருடம் நான் நின்ற இடத்தில் நின்றாள். கீழே குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, மேலே இருந்த என்னைப் பார்த்தாள். அங்கிருந்து எதுவும் தெரியாது என்பதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் பார்வையை எடுக்கவில்லை.

அப்புறம் பாறை ஓரமாக உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி இறங்கத் தொடங்கினாள். ஒரு தடவை வழுக்கி வேரைப் பிடித்தாள். மறைந்துவிட்டாள்.

நாங்கள் காத்திருந்தோம். மழை தூறியது. முஸ்தபா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். என் கைவிரல் விறைத்துவிட்டது. பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்து நான் படகைத் திருப்பப் போனேன். "நில்லு லோகு, நிக்கச் சொல்லியிருக்கா" என்றான் முஸ்தபா. நின்றேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துச் சப்பைப் பாறைமேல் ஏறி வந்தாள். துடுப்பை எடுத்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேலே, படுக்கையாக.

வராதே.

கரையில் ஏறினோம். படகுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே சுற்றி நடந்தோம். சேறு, அட்டை. என் முட்டியைப் பார்த்து முஸ்தபா என் படகையும் ஒரு முனையில் பிடித்துக்கொண்டான். தாரணியைச் சப்பைப் பாறை அருகில் சேர்த்துக்கொண்டு, அவள் படகையும் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

"கீழ மரம் கெடக்குதா?" என்று முஸ்தபா கேட்டான்.

"தெரியலீங்ணா. ரெண்டு மூணு எடத்துல இருந்து பாத்தேன். பாதி தெரியுது, பாதி நுரையா இருக்குது. தெரியாததுக்கு எப்படி வான்னு கைகாட்டறது?"

மூன்றாவது படிக்குக் கீழே, மணல் திட்டில் படகுகளை இறக்கினோம். மரம் எதுவும் இல்லை. ஓட்டியிருந்தால் மூன்று பேரும் சுகமாக இறங்கியிருப்போம். தாரணி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணன் கிடந்த இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சுத்தி வர நாப்பது நிமிஷம் ஆயிருக்குது" என்றாள். "அவ்வளவுதானுங்ணா."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். முஸ்தபா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எங்களை அழ விட்டுவிட்டு, படகுக்குள் புகுந்த தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்குது, எந்திரிங்க" என்றாள்.

மிச்சத்தையும் ஓட்டி முடித்தோம். ஒன்றரை மணிக்கு இறங்கும் இடம். படகுகளைக் கட்டும்போது என் பக்கம் வந்து நின்றாள். "அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்க வந்து சொல்லோணும்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முட்டிக்கு டாக்டரைப் பார்த்தேன். இரண்டு வாரம் ஓய்வு என்றார். போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றி எழுதித்தர என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். முஸ்தபாவும் கூட வந்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்னூர். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பிரேமா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

பூபதியின் அம்மா ருக்மணியம்மா, வாங்க சாமி என்று நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். தாரணி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். நான் உட்காராமல் சொன்னேன். பேக்கரியில் சொன்னதையேதான். துடுப்பைத் தூக்கியது, கீழே பார்க்காதது, பொய் சொன்னது.

சொல்லி முடித்த பிறகு அவர் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பால்வண்டி வந்து நின்று போனது.

"அப்ப அவன் அவசரப்படலீங்ளா?"

"இல்லீங்கம்மா. நான் வான்னு சொன்ன பொறகுதான் வந்தான்."

"ஒரு வருஷமா அவனத்தான் வஞ்சிட்டு இருந்தேனுங்க" என்றார். "போட்டாவப் பாக்கறப்பல்லாம். பெரியவங்க சொல்றதக் கேக்காம போயிச் செத்தியேடா, உனக்கென்னடா அவசரம்னு. ஒரு நாளு விடாம வஞ்சேன்."

தாரணி வந்து அவர் தோளைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை விலக்கவுமில்லை, பிடிக்கவுமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. இன்னிக்கு உங்ககிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்ல. நான் எம் பையங்கிட்டப் பேசோணும்."

எழுந்து உள்ளறைக்குப் போனார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் குரல் கேட்டது. கண்ணு, என்று கூப்பிட்டார். அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.